கடிதங்களில் இல்லாதவர்கள்

வணக்கம். நாடகத்துறையில் முதுகலை படிக்கிறேன். ஜாக்கி சிப்ளீஸ் ட்ரூரி நமீபியாவின் ஹெரேரோ மக்களைப் பற்றி எழுதிய நாடகத்தை ஆய்வுக்கு எடுத்தேன். பின்னணிக்காக இனப்படுகொலை வரலாற்றைப் படிக்கப் போய், மூன்று மாதமாக நாடகத்தைத் திறக்கவே இல்லை. இப்போது திறந்தால், அதில் வரும் ஜெர்மன் சிப்பாய்களின் கடிதங்களில் காதலியைப் பிரிந்த ஏக்கம்தான் இருக்கிறது, கொலை இல்லை. படித்த வரலாற்றை இதில் எங்கே பொருத்துவது?

அன்புள்ள நண்பருக்கு,

பொருத்த வேண்டாம். பொருந்தாமல் நிற்கிற அந்த இடத்தில்தான் நாடகமே இருக்கிறது. ஆறு நடிகர்கள் ஒத்திகை அறையில் ஓர் இனப்படுகொலையை நடித்துக்காட்டப் பார்க்கிறார்கள், கையில் இருப்பதோ கொன்றவர்கள் பக்கத்துக் கடிதங்கள், ஹெரேரோ ஒருவர் எழுதிய ஒரு வரிகூடக் கிடையாது.

மூன்று மாதம் வீணாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், அதைப் படித்தவருக்குத்தான் அந்தக் கடிதங்களில் என்ன விடுபட்டிருக்கிறது என்று தெரியும். நமீபியா அப்போது ஜெர்மன் காலனி. 1904 ஆகஸ்டில் வாட்டர்பெர்க் என்ற இடத்தில் ஜெர்மன் படையுடன் நடந்த சண்டையில் தோற்றபின் ஹெரேரோ மக்கள் குழந்தைகளோடும் மாடுகளோடும் ஒமாஹெக்கே பாலைக்குள் ஓடினார்கள், பின்னாலேயே போன ஜெர்மன் படை கிணறுகளுக்குக் காவல் போட்டது. அக்டோபர் 2 அன்று தளபதி லோதர் ஃபான் ட்ரோட்டா உத்தரவு போட்டார்: எல்லைக்குள் இருக்கும் ஹெரேரோ எவரும், ஆயுதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுடப்படுவார், பெண்களையும் குழந்தைகளையும் இனி ஏற்பதில்லை. சரி, இதைப் படித்துவிட்டு அந்த ஏக்கக் கடிதம் ஒன்றை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆனால் ஹெரேரோ குரலே இல்லை என்று நாடகத்தில் வருவதை வரலாற்றுக்கும் சேர்த்து எழுதிவிடாதீர்கள். 1918இல் பிரிட்டிஷார் வெளியிட்ட ‘நீலப் புத்தகம்’ என்ற அரசு அறிக்கையில், உயிர் தப்பியவர்கள் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலங்கள் இருக்கின்றன. வெளியிட்டவர்களின் நோக்கம் சுத்தமானது என்று சொல்ல மாட்டேன், அந்தக் காலனி மறுபடி ஜெர்மனி கைக்குப் போகக்கூடாது என்பது அவர்கள் கணக்கு. அதற்காகச் சாட்சி சொன்னவர்கள் பொய்யாகிவிடுவார்களா? 1926இல், ஜெர்மன் குடியேறிகளும் மற்ற வெள்ளையர்களும் தங்களுக்குள் சமாதானமாகப் போவதற்காக, அந்தப் புத்தகத்தின் பிரதிகளை அழிக்க அந்நாட்டுத் தலைநகர் விண்ட்ஹுக்கில் இருந்த சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஆவணத்தில் குரல் இல்லாமல் போனது தானாக நடந்த விஷயமில்லை, கை தூக்கி ஓட்டுப் போட்டு நடந்தது. என்னைக் கேட்டால் உங்கள் ஆய்வின் முதல் பக்கத்தில் இதுதான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. சுமார் 80,000 ஹெரேரோ மக்களில் 65,000 பேர் வரை இறந்தார்கள் என்ற மதிப்பீட்டை நீங்கள் எழுதத்தான் வேண்டும். அதோடு ஜெர்மன் காலனி நிர்வாகம் போட்ட 1907 விதிகளையும் எழுதுங்கள். ஏழு வயது தாண்டிய ஆப்பிரிக்கர்கள் எண் பொறித்த உலோக வில்லையை அணிந்துகொள்ள வேண்டும் என்றது அந்த விதி. ஏழு வயதுக் குழந்தையின் உடம்பில் ஓர் எண்! அப்புறம் நாடகத்தின் பாத்திரப் பட்டியலைப் பாருங்கள். நடிகர்களுக்குப் பெயர் இல்லை, ஒன்று முதல் ஆறு வரை எண்கள்தான். பெயர் கிடைப்பது சிப்பாய்கள் கடிதம் எழுதுகிற சாராவுக்கு மட்டும்.

வாக்குமூலங்களை ஒருநாள் உட்கார்ந்து படியுங்கள், அன்று இரவே நாடகத்தை எடுத்து ஒரே மூச்சில் முடியுங்கள். எந்தப் பக்கத்தில் மேலே போக முடியாமல் நின்றீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்