கிரெனிச் வில்லேஜின் ஃபோக் இசைக் கூடங்கள் ஏன் மறைந்தன?

1965-இல் ஃபோக் (நாட்டுப்புறப் பாணி) பாடகர் பாப் டிலன் மின்கிதாரைத் தூக்கினார், நியூயார்க்கின் கிரெனிச் வில்லேஜ் பகுதியில் இருந்த ஃபோக் கூடங்கள் படுத்துவிட்டன என்பார்கள். அது பாதிக் கதை. மீதி கல்லாப்பெட்டியில் இருக்கிறது.

1950-களின் கடைசியில் அங்குள்ள மெக்டூகல் தெருவின் நிலவறைகள்தான் முதல் மேடைகள். 1958-இல் ஜான் மிட்செல் தொடங்கிய கேஸ்லைட் காப்பிக் கடையில் கூரை தலையில் இடிக்கும். கூரையை உயர்த்த முடியாது, எனவே தரையைத் தோண்டித் தாழ்த்தினார்கள். நூற்றுச் சொச்சம் பேர் உட்காரலாம். மாடிக் குடித்தனக்காரர்கள் சத்தம் தாங்காமல் புகார் செய்ய, ரசிகர்கள் கைதட்டாமல் விரல் சொடுக்கிப் பாராட்டினார்கள்.

இத்தகைய கடைகள் பலவற்றில் மது கிடையாது, காப்பிதான். பாடகருக்குச் சம்பளமும் கிடையாது. பாடி முடித்ததும் கூடை சுற்றிவரும், விழுந்த சில்லறை அவருக்கு. பெயரே ‘பாஸ்கெட் ஹவுஸ்’. ஒரு காப்பியோடு ராத்திரி முழுக்க ஒருவர் உட்கார்ந்துவிட்டால் முதலாளிக்கு நஷ்டம். ஆகவே மூன்று நான்கு பாட்டு, அடுத்து வேறு பாடகர், நாற்காலிக்கும் புது ஆள்.

சட்டமும் கிதாருக்குத் தோதாக இருந்தது. பியானோ, கிதார் மாதிரி வாத்தியங்களை மூன்று பேருக்கு மேற்படாமல் வாசித்தால், சாப்பாட்டுக் கடைகளில் இசை நடத்தத் தேவைப்பட்ட காபரே உரிமம் வேண்டாம் என்று 1961-இல் விலக்கு வந்தது. டிரம்ஸ் வைத்தால் விலக்கு இல்லை.

கெர்டீஸ் கதை வேறு. அது மைக் போர்க்கோவின் இத்தாலியச் சாப்பாட்டுக் கடை, மதுவும் உண்டு. 1960 ஜனவரியில் ஃபோக் இசைக் கடை நடத்திய இஸ்ஸி யங்கும் ஒரு கூட்டாளியும் அங்கே கச்சேரி தொடங்கினார்கள். நுழைவுக் கட்டணம் அவர்களுக்கு, சாப்பாடும் மதுவும் போர்க்கோவுக்கு. பாடகர் சம்பளம், விளம்பரம் இரண்டும் அந்த நுழைவுக் காசிலிருந்தே. கூட்டம் வந்தும் கையில் எதுவும் தங்காத ஏற்பாடு இது. சில மாதங்களில் அவர்கள் விலக, போர்க்கோவே எடுத்து ‘கெர்டீஸ் ஃபோக் சிட்டி’ ஆக்கினார். திங்கட்கிழமை யார் வேண்டுமானாலும் மேடையேறலாம். 1961 ஏப்ரலில் ஜான் லீ ஹூக்கருக்கு முன்னால் டிலன் பாடியது இங்கேதான்.

1964-இல் இங்கிலாந்தின் ராக் குழு பீட்டில்ஸ் அமெரிக்காவுக்கு வந்த பிறகு கேட்பவர்களின் காது மாறியது. நாலு பேர் குழு, டிரம்ஸ், ஆம்ப்ளிஃபயர் என்றால் நூறு நாற்காலியில் கூலி கட்டாது. மாடி வீட்டுக்காரர் விரல் சொடுக்குக்கு மட்டுமே ஒத்துக்கொண்டவர், டிரம்ஸுக்கா ஒத்துக்கொள்வார்? கூடையில் வளர்ந்தவர்களோ இசைத்தட்டு ஒப்பந்தம் கிடைத்ததும் பெரிய அரங்குகளுக்குப் போய்விட்டார்கள். 1968-இல் நியூயார்க்கில் திறந்த ராக் அரங்கான ஃபில்மோர் ஈஸ்டில் இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கை. அங்கே ஒரே இரவில் சேரும் கூட்டத்துக்கு கேஸ்லைட் இருபது தடவை நிரம்ப வேண்டும். இதற்கிடையே வில்லேஜில் வாடகையும் ஏறியது.

கேஸ்லைட் 1971-இல் மூடியது. ஃபோக் சிட்டி மேற்கு 3-ஆம் தெருவுக்கு இடம் மாறி 1987 வரை தாக்குப்பிடித்தது. பிளீக்கர் தெரு 147-இல் 1961-இல் தொடங்கிய பிட்டர் எண்ட் கூடம் இன்னும் நடக்கிறது, ஆனால் ராக், நகைச்சுவை என்று எல்லாவற்றுக்கும் மேடை கொடுத்துத்தான்.