மகன் ஊரில் பொழுது போகுமா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் ப்ளூமிங்டனில் வேலை பார்க்கிறான். ஆறு மாதம் வந்து இருங்கள் என்கிறான். ரொம்ப அமைதியான ஊராம். என் வீட்டுக்காரர் வயல், வாய்க்கால் என்றே இருந்தவர். அவருக்குப் பொழுது போகுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: என் மகள் அதை ஒட்டிய நார்மல் என்ற ஊரில் இருப்பதால் எனக்கு அந்த இடம் பழக்கம், அம்மா. இரண்டு ஊரும் சேர்ந்து சுமார் 1,30,000 பேர். உங்கள் கும்பகோணம் அளவுதான். ஆனால் தெருவில் ஆளைப் பார்க்க முடியாது. எல்லோரும் காருக்குள் இருப்பார்கள். டீக்கடை பெஞ்சு கிடையாது. பஸ் உண்டு, மகன் வீட்டுப் பக்கம் வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குக் கைகொடுத்தது கான்ஸ்டிடியூஷன் டிரெயில். பழைய ரயில் தண்டவாளத்தை எடுத்துவிட்டுப் போட்ட நடைபாதை. காலையில் அங்கே போனால் எதிரே வருபவர் யாராக இருந்தாலும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போவார்.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சைரன் அலறும். பதறாதீர்கள், சுழற்காற்று எச்சரிக்கையைச் சோதித்துப் பார்க்கிறார்கள். வேறு நேரத்தில் அலறினால் வீட்டுக்கு அடியில் இருக்கும் பேஸ்மென்ட் அறைக்கு இறங்கிவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். ஊரைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டியவரை மக்காச்சோளமும் சோயாவும்தான். கரிய மண். வாய்க்கால் இல்லை, மோட்டார் கொட்டகை இல்லை, பெரும்பாலும் மழைதான். நமக்கு ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா என்று கவலை. அவர்களுக்கு விதைக்கும் நேரத்தில் வயலில் நிற்கும் தண்ணீரை எப்படி வெளியேற்றுவது என்று கவலை. ஒரு காலத்தில் ஈரம் ஊறிக் கிடந்த புல்வெளி அது. மண்ணுக்கடியில் வரிசையாகக் குழாய் புதைத்து, நீரை வடித்துத்தான் விளைநிலமாக்கினார்கள். அதை 'டைல்' என்கிறார்கள். அந்தக் காலத்தில் சுட்டமண் குழாய், இப்போது துளை போட்ட பிளாஸ்டிக். வயலோர ஓடையில் அந்தக் குழாய் வாயிலிருந்து தெளிந்த தண்ணீர் கொட்டுவதைப் பார்த்தபடி நான் நின்றுவிட்டேன். பொறுத்துப் பார்த்த மகள் காரிலிருந்து ஹாரன் அடித்தாள். அந்த ஊரில் நான் கேட்ட ஹாரன் அது ஒன்றுதான். அவரை ஒருமுறை அங்கே கூட்டிப் போகச் சொல்லுங்கள், ஒரு வாரத்துக்குப் பேச விஷயம் கிடைக்கும்.

மே மாதம் போய் அக்டோபரில் திரும்புங்கள். அறுவடையையும் பார்த்துவிடலாம், அத்தனை பெரிய வயலில் இயந்திரம் ஒன்று, அதற்குள் ஆள் ஒருவர், அவ்வளவுதான். ஜூனில் இரவு எட்டரை வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும், குளிரில் வாசல் தாண்ட மனம் வராது. எத்தனை மாதம் தங்கலாம் என்பதை விமான நிலைய அதிகாரிதான் முடிவு செய்வார், அதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: அங்கே கோயில், நம் மளிகைச் சாமான் கிடைக்குமா? கறிவேப்பிலை கொண்டுபோகலாமா?
– இன்னொரு வாசகி, மன்னார்குடி

பதில்: ப்ளூமிங்டன் பக்கம் கோயிலும் உண்டு, இந்திய மளிகைக்கடையும் உண்டு. பச்சைக் கறிவேப்பிலைக்கு அனுமதி இல்லை, பெட்டியில் வைக்காதீர்கள். சாப்பாட்டுச் சாமான் எது இருந்தாலும் அங்கே விமான நிலையத்தில் கேட்கும்போது மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அங்கே உடம்புக்கு வந்தால்?
– ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: பயணக் காப்பீடு எடுக்காமல் கிளம்பாதீர்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு போன்ற பழைய வியாதிகளை அது பெரும்பாலும் சேர்க்காது. அதனால் மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு எடுத்துப் போங்கள். பல் வேலை பாக்கி இருந்தால் திருவாரூரிலேயே முடித்துவிடுங்கள்.