அன்றைக்கு இருமினாளே, அதைச் சொல்லுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. பால் குடித்தால் வயிறு உப்பிக்கொண்டு பேதியாகிறது. தை மாதம் ஒரு கல்யாணத்தில் காஜு கத்லி தின்ற கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, இரண்டு முறை வாந்தி எடுத்தாள். இருமலும் இருந்தது. கையிலிருந்த அலர்ஜி மாத்திரையில் பாதி கொடுத்துத் தூங்க வைத்தோம், சரியாகிவிட்டது. இப்போது ஹாட் சாக்லேட் கேட்டு அடம்பிடிக்கிறாள். கொட்டை சேராத எந்தத் தாவரப் பாலில் அது கெட்டியாக வரும்? தேங்காயும் கொட்டைதான் என்று இணையத்தில் படித்ததிலிருந்து மூன்று மாதமாக வீட்டில் தேங்காயே உடைப்பதில்லை. சோயா குடித்தால் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுவாள் என்கிறார்களே?
– வாசகி, கோபிச்செட்டிபாளையம்

பதில்: ஹாட் சாக்லேட் அப்புறம். ‘இருமலும் இருந்தது’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான்.

உதடு மட்டும் லேசாக வீங்கி அடங்கியிருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். வீக்கம், வாந்தி, இருமல் மூன்றும் முந்திரி தின்ற கையோடு சேர்ந்து வந்தால் அதற்குப் பெயர் அனஃபிலாக்ஸிஸ், அதாவது உடம்பு முழுவதையும் பிடிக்கும் தீவிர ஒவ்வாமை. அது அன்றைக்குத் தானாக அடங்கியது உங்கள் அதிர்ஷ்டம். நீங்கள் கொடுத்த அரை மாத்திரை அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அவ்வளவுதான். மூச்சுக்குழாய் சுருங்குவதையோ ரத்த அழுத்தம் விழுவதையோ அது தடுக்காது. அப்படிப்பட்ட குழந்தையைத் தூங்க வைப்பது, மன்னிக்கவும், மிக ஆபத்தான காரியம். மூச்சு திணறுவது கூட உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

இனி ஒருமுறை தின்றவுடன் இருமல், இழுப்பு, குரல் கம்மல், திரும்பத் திரும்ப வாந்தி, துவண்டு போதல் இவற்றில் ஒன்று வந்தாலும் மாத்திரையைத் தேடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்தில் இருக்கும் மருத்துவமனைக்கு ஓடுங்கள். காலைத் தூக்கி வைத்துப் படுக்க வையுங்கள். மூச்சு வாங்கினால் மட்டும் உட்கார்த்துங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். ‘முந்திரி அலர்ஜி, அட்ரினலின் போடுங்கள்’ என்று உள்ளே நுழையும்போதே சொல்லுங்கள். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் ஊசி அது. அடங்கிய பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம், அதனால் உடனே வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம்.

இப்போதைக்கு ஒவ்வாமை மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்குப் பிஸ்தாவும் ஆகாது. பாதாம், வால்நட் எப்படி என்பதை அவர் சோதித்துச் சொல்லட்டும், அதுவரை எல்லாக் கொட்டைகளையும் நிறுத்துங்கள். ‘துளி நாக்கில் வைத்துப் பார்க்கலாமா’ என்ற வீட்டு ஆராய்ச்சியும் வேண்டாம், நூறு உணவுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று விற்கும் பாக்கேஜும் வேண்டாம்.

சரி, தேங்காய். கோபியில் இருந்துகொண்டு மூன்று மாதம் தேங்காய் இல்லாமல் சமைத்திருக்கிறீர்கள். சந்தகைக்கு என்னதான் ஊற்றினீர்களோ! தேங்காய்க்கும் முந்திரிக்கும் தாவர உறவு கிடையாது. மரக்கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தேங்காய் ஒத்துக்கொள்ளும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கூட 2025-ல் மரக்கொட்டைப் பட்டியலிலிருந்து தேங்காயை எடுத்துவிட்டது. அதற்கு ஒவ்வாமை வரவே வராது என்பதில்லை, அரிதாக வரும். ஆனால் பிறந்ததிலிருந்து சட்னி தின்று வளர்ந்த குழந்தைக்கு அதை ஏன் நிறுத்தினீர்கள்? உடையுங்கள்.

சோயாப் பால் குடித்து வயதுக்கு வருவது வதந்தி. சோயாவுக்கே ஒவ்வாமை இல்லையென்றால் தாராளமாகக் கொடுக்கலாம். பசும்பாலுக்கு இணையான புரதம் இருக்கும் தாவரப் பாலும் அதுதான். சர்க்கரை சேர்க்காத, கால்சியம் சேர்த்த வகையாகப் பாருங்கள். ஓட்ஸ் பால் கொழகொழப்பாக, நன்றாகவே வரும், புரதம்தான் குறைவு. அரிசிப் பால் நீர்த்துப்போகும், விடுங்கள். தயிர், மோர் அம்மணிக்கு ஒத்துக்கொள்கிறதா? ஆமாம் என்றால் பிரச்சினை பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையாக இருக்கலாம். அப்போது கால்சியத்துக்குத் தயிரே போதும், தாவரப் பால் வெறும் ருசிக்குத்தான்.

அந்த ருசிக்குத் தேங்காயை விட்டால் வேறில்லை. கொக்கோ பொடியையும் வெல்லத்தையும் இரண்டாம் பாலில் கரைத்துக் கொதிக்க விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு முதல் பாலை ஊற்றிக் கலக்குங்கள். சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். கொக்கோ டப்பாவில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்றுதான் அர்த்தம், முந்திரி இல்லை என்று அல்ல. ஒவ்வாமைப் பொருள்களைத் தனியாக அச்சிட்டிருப்பார்கள், அந்த வரியைப் படியுங்கள்.

ஒன்று விட்டுப்போனது. குருமாவுக்கு முந்திரி அரைத்த அதே மிக்சி ஜாரில் தேங்காயை அடிக்காதீர்கள். கழுவியாயிற்று என்பீர்கள். பிளேடுக்கு அடியிலும் மூடியின் ரப்பர் வாஷருக்குள்ளும் விழுது ஒட்டிக்கொண்டிருக்கும், கழற்றிப் பாருங்கள். தேங்காய்க்கென்று ஒரு ஜாரைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.