கரைக்கு வந்த பிறகும் அரிக்கும் உப்பு: அவுட்போர்டு மோட்டார் கேள்வி பதில்

தொண்டி, நம்புதாளை, மீமிசல், கோட்டைப்பட்டினம் ஆகிய கரைகளிலிருந்தும், கடலை விட்டுத் தள்ளியிருக்கும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கங்களிலிருந்தும் படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டாரின் உப்பரிப்பு குறித்து வந்த கேள்விகளுக்கு, காரைக்குடியில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் நான் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன்.

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி: என் பேரன் தொண்டியில் ஃபைபர் படகு வைத்திருக்கிறான். ஐப்பசி மழை தொடங்கியதும் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வந்து நம் வீட்டு இரண்டாம் கட்டில் வைத்துவிடுவான். கடல்காற்றே படாத இடத்தில் இருந்தும், தை மாதம் எடுக்கும்போது அதன் மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதே, ஏன்?

ஆச்சி, மோட்டார்தான் கடலை விட்டு வந்தது. கடல் மோட்டாரை விட்டு வரவில்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. மோட்டாரைக் குளிர்விக்க உள்ளே ஏறிய நீர் வடிந்து காய்ந்ததும் அந்த உப்பு குழாய்களின் சுவரிலும், போல்ட்டுகளின் மரையிலும், மூடிகளின் விளிம்பிலும் படிந்துவிடுகிறது. காய்ந்த உப்பு சும்மா கிடக்கும் என்று நினைக்க வேண்டாம். நாம் சமையலுக்குப் போடும் உப்பே காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டினால் நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க் காற்று எப்போதும் அதற்கு மேல்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் அந்த மோட்டார் இரவும் பகலும் உப்புநீர் பூசியபடியேதான் நிற்கிறது.

அலுமினியம் தன் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்றைத் தானாகவே உருவாக்கித் தன்னைக் காத்துக்கொள்ளும் உலோகம். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்து ஊசிக்குழிகளாக உள்ளே இறங்குகிறது. நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பொடி அப்படிக் கரைந்து போன அலுமினியம்தான். துணியால் துடைத்தால் பொடி போய்விடும், ஆனால் அதன் அடியில் உள்ள குழி அப்படியே இருக்கும். மோட்டாரைக் கழற்றுவதற்கு முன், தொண்டியிலேயே, நல்ல தண்ணீரில் உள்ளும் புறமும் கழுவச் சொல்லுங்கள். வீட்டில் வைக்கும்போது படுக்க வைக்காமல், கடலில் நிற்பது போலவே நிமிர்த்தி நிறுத்தினால் மிச்ச நீரும் வடிந்துவிடும்.

தொண்டியிலிருந்து ஒரு நாட்டுப்படகுக்காரர்: நாங்களும் கழுவத்தான் செய்கிறோம். கரைக்கு வந்ததும் இரண்டு வாளித் தண்ணீரை மேலே ஊற்றுகிறோம். அது போதாதா?

வெளியே ஊற்றுவது பெயின்ட்டுக்கு நல்லது. ஆனால் கெட்டுப்போவது உள்ளே இருக்கும் நீர்வழி. அதைக் கழுவ வேண்டுமானால் 200 லிட்டர் டிரம் ஒன்றில் நல்ல தண்ணீர் நிரப்பி, புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, நீர் உறிஞ்சும் துளைகள் நன்றாக மூழ்கும்படி மோட்டாரை அதில் இறக்கி, நியூட்ரலில் மெதுவான ஓட்டத்தில் ஏறத்தாழ பத்து நிமிடம் ஓட்டுங்கள். பத்து நிமிடம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மோட்டார் சூடேறினால்தான் நீர்வழியில் இருக்கும் தெர்மோஸ்டாட் என்னும் அடைப்பான் திறக்கும். அது திறக்காதவரை சிலிண்டரைச் சுற்றியுள்ள பாதைக்கு நல்ல தண்ணீர் சரியாகப் போய்ச் சேராது. உப்பு அதிகம் படிவதும் அந்தச் சூடான இடத்தில்தான். தெர்மோஸ்டாட்டை எடுத்து எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்கள் நம் கரையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய மோட்டார் வேண்டிய சூட்டை எட்டாமலேயே ஓடுவதால் எரியாத எண்ணெய் பிளக்கில் கரியாகப் படிகிறது. அது தனிக் கதை.

ஹோஸ் பொருத்தும் துளை உள்ள மோட்டார்களில் பெரும்பாலானவற்றை ஓட்டாமல், அணைத்து வைத்தே கழுவ வேண்டும். அவற்றுடன் வந்த கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த முறையானாலும், தண்ணீர் இல்லாமல் ஒரு நொடிகூட ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். நீரை உள்ளே இழுக்கும் பம்பின் சக்கரமான இம்பெல்லர் ரப்பரால் ஆனது. நீர்தான் அதற்கு மசகு. வறண்டு சுற்றினால் இதழ்கள் கருகிவிடும்.

மீமிசலிலிருந்து: எங்கள் கரையில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கிறது. நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? ஒரே டிரம்மை நான்கு படகுக்காரர்கள் பயன்படுத்தலாமா?

உப்புக் கரிக்கும் போர் தண்ணீர்கூடக் கடல்நீரை விடப் பல மடங்கு மேல்; ஒன்றும் இல்லாததற்கு அதுவாவது ஆகட்டும். வாய்ப்பு இருந்தால் மழைநீர்தான் சிறந்தது. செட்டிநாட்டு வீடுகளில் வளவு முற்றத்துக்கு நான்கு பக்கத் தாழ்வாரமும் நீரை இறக்கி அண்டாவில் பிடிக்கும் ஏற்பாடு பழையது. அதே வேலையைப் படகுக் கொட்டகையின் தகரக் கூரையும் ஒரு பிளாஸ்டிக் டிரம்மும் செய்துவிடும். ஊருணி நீரும் நல்ல மென்னீர்தான்; ஆனால் குடிக்கும் ஊருணியில் மோட்டார் கழுவத் தண்ணீர் எடுத்தால் ஊரார் விடமாட்டார்கள், விடவும் கூடாது.

டிரம் பற்றி ஒரு கணக்கைப் பாருங்கள். உள்ளே ஒரு லிட்டர் கடல்நீர் தங்கியிருக்கும் மோட்டார் ஒன்றைக் கழுவினால் 35 கிராம் உப்பு 200 லிட்டரில் கலக்கும். அது லிட்டருக்கு 175 மில்லிகிராம். இதனால் கவலை இல்லை. அதே தண்ணீரில் பத்து முறை கழுவினால் லிட்டருக்கு 1,750 மில்லிகிராம் ஆகிவிடும். குடிநீரில் கரைந்த பொருள்கள் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த எல்லையை நெருங்கும் தண்ணீரில் கழுவிவிட்டு மோட்டாரைக் காய வைப்பது உப்பை இடம் மாற்றுவதுதான். நான்கு பேர் சேர்ந்து பயன்படுத்தினால் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தண்ணீரை மாற்றுங்கள்.

கோட்டைப்பட்டினத்திலிருந்து: கடைக்காரர் வருடா வருடம் ஜிங்க் கட்டி மாற்றச் சொல்கிறார். உண்மையிலேயே அதற்கு வேலை இருக்கிறதா, அல்லது வியாபாரமா?

வியாபாரம் இல்லை. இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்புநீரில் நின்றால் அது ஒரு பாட்டரியாகிவிடும், அதில் எளிதாகக் கரையும் உலோகம் கரைந்து மற்றதைக் காக்கும். அலுமினிய கியர் கேஸும் ஸ்டீல் ஷாஃப்டும் உங்கள் மோட்டாரில் அப்படித்தான் நிற்கின்றன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புரொப்பல்லர் மாட்டியிருந்தால் இழுப்பு இன்னும் அதிகம். நடுவே அலுமினியத்தை விட எளிதில் கரையும் துத்தநாகத்தை, அதாவது ஜிங்க் கட்டியை, வைத்துவிட்டால் அடி அதன் மேல் விழும். 1824ஆம் ஆண்டிலேயே ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கிலேய வேதியியலர் கப்பலின் அடியில் போர்த்திய செப்புத் தகட்டை இந்த வழியில் காக்கலாம் என்று காட்டினார்.

கட்டி பாதி கரைந்ததும் மாற்றுங்கள். முழுதாய் மறையும்வரை காத்திருந்தால் கடைசி மாதங்களில் கரைவது கியர் கேஸ்தான். ஒரு வருடம் ஆகியும் கட்டி புதிதாகவே இருக்கிறது என்று மகிழ்கிறவர்களும் உண்டு. அது நல்ல செய்தி அல்ல, கட்டி வேலையே செய்யவில்லை என்று பொருள். பெரும்பாலும் அதன் மேல் யாரோ பெயின்ட் அடித்திருப்பார்கள், அல்லது அது உட்காரும் இடத்தில் பழைய பெயின்ட்டும் பொடியும் இருந்து உலோகத்தோடு உலோகம் தொடாமல் இருக்கும். கழற்றி, அந்த இடத்தை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து மாட்டுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கட்டியிலும் மற்றதைக் கியர் கேஸின் வெற்று உலோகத்திலும் வைத்தால் மின்தடை கிட்டத்தட்ட சுழியாகக் காட்ட வேண்டும்.

கழிமுகத்தில், அரை உப்புநீரில் படகு நிறுத்துகிறவர்களுக்கு ஜிங்க்குக்குப் பதிலாக அலுமினியக் கட்டி பொருந்தும். துத்தநாகத்தின் மேல் அந்த நீரில் ஓடு கட்டி அது செயலற்றுப் போகும். மெக்னீசியக் கட்டி நன்னீர் ஏரிக்கு மட்டுமே; கடலில் அது மிக விரைவாகக் கரைந்துவிடும். கட்டி தண்ணீருக்குள் இருக்கும்போதுதான் காக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மோட்டாரைத் தூக்கி வைத்த பிறகு அதற்கு வேலை இல்லை.

காரைக்குடி கல்லூரி மாணவர்: நம் ஊரிலேயே மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த விஷயமும் அவர்கள் ஆராயும் விஷயம்தானா?

ஆம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தின் முதன்மையான துறைகளில் ஒன்று உலோக அரிப்பு. மண்டபம் என்னும் ஊரில் கடலோரமாகவே அவர்களுக்கு ஓர் ஆய்வு மையம் உண்டு. கடலில்லாத ஊரில் கடல் அரிப்புக்கு ஆராய்ச்சியா என்று கேலி செய்கிறவர்களுக்கு முதல் கேள்வியின் பதிலைக் காட்டுங்கள்.

நம்புதாளையிலிருந்து: தண்ணீர் பம்ப் மூடியின் போல்ட் இறுகிவிட்டது. இரும்புக் குழாயைச் சாவியில் செருகித் திருகினால் வருமா?

போல்ட் வராது, அதன் தலை மட்டும் வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டைச் சுற்றி அலுமினியம் அரித்த பொடி, மூல உலோகத்தை விட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு மரையை நெருக்கிப் பிடித்திருக்கிறது. முதல் நாள் மாலை ஊடுருவும் எண்ணெயைத் தெளித்து ஊற விடுங்கள். மறுநாள் போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தை ஹாட் ஏர் கன்னால் சூடாக்குங்கள். ஒரே சூட்டில் அலுமினியம் ஸ்டீலை விட அதிகம் விரியும். அதனால் பிடி தளரும். பிறகு தலையில் சுத்தியலால் லேசாக இரண்டு தட்டுத் தட்டி, சற்றே இறுக்கும் பக்கம் அசைத்து, அதன் பின் கழற்றும் பக்கம் திருப்புங்கள். கால் சுற்று வந்ததும் மறுபடி எண்ணெய், மறுபடி முன்னும் பின்னும். அரை மணி நேரம் ஆகலாம். ஒடிந்த போல்ட்டைத் துளையிட்டு எடுக்க ஒரு நாள் ஆகும். மீண்டும் மாட்டும்போது மரை முழுவதும் மெரைன் கிரீஸ் பூசுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்டுக்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதே கிரீஸ் வேண்டும்.

தொண்டியிலிருந்து, மூவர்: உப்பும் சுண்ணாம்பும் அடைத்த நீர்வழியை ஆசிட் ஊற்றிச் சுத்தம் செய்யலாமா?

கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டை மட்டும் அருகில் கொண்டுவராதீர்கள். அது சுண்ணாம்பைக் கரைக்கும், கூடவே அலுமினியத்தையும் தின்னும். வினிகரைத் தண்ணீரில் கலந்து சிறிது நேரம் ஓட்டலாம். முடிந்ததும் நல்ல தண்ணீரால் அலசிவிட வேண்டும், இரவு முழுதும் ஊற விடக்கூடாது. பக்கவாட்டில் வெளியேறும் நீர்த்தாரை மெலிந்தால், அடைப்பு என்று முடிவு செய்வதற்கு முன் இம்பெல்லரையும் பாருங்கள்.

மீமிசலிலிருந்து: கியர் ஆயிலைத் திறந்தால் பால் விட்ட காபி போல வருகிறது. இதுவும் உப்பரிப்பா?

இன்னும் இல்லை, ஆனால் விரைவில் ஆகும். உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. புரொப்பல்லரைக் கழற்றி ஷாஃப்டின் அடியில் பாருங்கள். வலையின் நைலான் இழை சுற்றிக்கொண்டு ஆயில் சீலை அறுத்திருக்கும். சீலையும் வடிகால் திருகாணியின் வாஷரையும் மாற்றி, புது ஆயில் ஊற்றி, ஒரு மணி நேரம் ஓட்டி, மறுபடி நிறம் பாருங்கள்.

கோட்டைப்பட்டினத்திலிருந்து: சிப்பி ஒட்டாமலிருக்க, படகுக்கு அடிக்கும் பெயின்ட்டையே மோட்டாரின் காலுக்கும் அடிக்கலாமா?

கூடாது. அந்தப் பெயின்ட்டுகளில் பெரும்பாலானவற்றில் செப்பு இருக்கிறது. செப்பு அலுமினியத்தைத் தொட்டால் மேலே சொன்ன பாட்டரியை நீங்களே பூசிவிட்டீர்கள் என்று அர்த்தம். செப்பு கலக்காத, அலுமினியத்துக்கென்றே வரும் பெயின்ட்டை வாங்குங்கள். படகின் செப்புப் பெயின்ட்டையும் மோட்டார் மாட்டும் இடத்திலிருந்து ஓர் அங்குலமாவது விலக்கி நிறுத்துங்கள். பழைய பெயின்ட் கொப்புளித்த இடத்தை இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டாம். இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து அங்கேயே அடுத்த குழி தொடங்கும். உப்புத்தாளால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காய வைத்து, அலுமினியத்துக்கான பிரைமர் அடித்த பிறகுதான் மேல் பெயின்ட்.

நம்புதாளையிலிருந்து: படகு கவிழ்ந்து மோட்டார் கடலில் மூழ்கிவிட்டது. எடுத்து வெயிலில் காய வைத்திருக்கிறோம்.

வெயிலிலிருந்து உடனே எடுங்கள். மூழ்கியிருந்ததை விட, நனைந்த நிலையில் காற்று பட்டு நிற்பதுதான் அதிகம் கெடுக்கும். பேரிங்கும் கிராங்க் ஷாஃப்டும் சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். மேல்மூடியைக் கழற்றி எங்கும் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளைகள் கீழ்நோக்க மோட்டாரைச் சாய்த்து, கையால் மெதுவாகச் சுற்றி நீரை வெளியேற்றுங்கள். சுற்ற மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். கார்புரேட்டரை வடித்து, சிலிண்டருக்குள் இன்ஜின் ஆயில் ஊற்றிச் சுற்றி, அன்றைக்கே ஸ்டார்ட் செய்து சூடேறும்வரை ஓட்டுங்கள். நான்கு ஸ்டிரோக் மோட்டார் என்றால் அதற்கு முன் ஆயிலையும் மாற்ற வேண்டும். மெக்கானிக் வர நாளாகும் என்றால் மோட்டாரை நல்ல தண்ணீர் நிறைந்த டிரம்மில் முழுதாக மூழ்க வைத்துக் காத்திருங்கள். விசித்திரமாகத் தோன்றலாம். தண்ணீருக்குள் ஆக்சிஜன் குறைவு என்பதால் துரு மெதுவாகத்தான் பிடிக்கும்.

புதுவயலிலிருந்து: பழைய மோட்டார் ஒன்று விலைக்கு வருகிறது. உப்பரித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பளபளப்பாகப் பெயின்ட் அடித்த கியர் கேஸைப் பார்த்து மயங்க வேண்டாம். ஜிங்க் கட்டி இருக்கும் இடத்தை முதலில் பாருங்கள்: கட்டியே இல்லாமல் வெறும் போல்ட் துளை மட்டும் இருந்தால் அந்த மோட்டார் வெகுநாள் காப்பின்றி ஓடியிருக்கிறது. பிறகு தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அவை எளிதாகக் கழன்று, உள்ளே சாம்பல் நிற உலோகம் தெரிந்தால் கழுவிப் பயன்படுத்தியவர் கை அது. வெள்ளைக் கட்டியாக உப்பு அடைத்திருந்தாலோ, மூடி உட்காரும் முகப்பு அரித்துப் பள்ளமாகியிருந்தாலோ சிலிண்டரைச் சுற்றியும் அதே நிலைதான் இருக்கும். அந்த மூடியைத் திறக்க விற்பவர் மறுத்தால் முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.