ஃப்ரான்ஸ் ஓஸ்டன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

யூடியூபில் 'அச்சூத் கன்யா' (1936) பார்த்தேன். தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கும் பிராமணப் பையனுக்குமான காதலை அந்தக் காலத்திலேயே எடுத்தவர் ஃப்ரான்ஸ் ஓஸ்டன் என்ற ஜெர்மானியர் என்பது வியப்பாக இருந்தது. இந்தி தெரியாமல் எப்படி இயக்கினார்? சாதியை எதிர்த்த அந்தக் கலைஞரை நாம் ஏன் மறந்தோம்? அவர் படங்களை எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

மொழி ஒரு பிரச்சினையே இல்லை. தமிழ் தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி' வெளிவந்ததும் அதே 1936இல்தான். விடுங்கள்.

'சாதியை எதிர்த்த கலைஞர்' என்கிறீர்களே, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஓஸ்டன் ஹிட்லரின் கட்சியில் சேர்ந்ததும் அதே 1936இல். கொஞ்சம் தேடிப் பார்த்திருக்கக் கூடாதா? படம் பிடித்துவிட்டால் இயக்குநருக்கு ஒரு நல்ல மனசையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். அந்தக் கதை விடுதலைப் போராட்டத் தலைவர் பிபின் சந்திர பாலின் மகன் நிரஞ்சன் பாலுடையது. அதைப் படமாக்கியது தயாரிப்பாளர் ஹிமான்ஷு ராயின் பாம்பே டாக்கீஸ் நிறுவனம். 1925இல் 'லைட் ஆஃப் ஏசியா' படத்துக்காக மியூனிக்கிலிருந்து ராயோடு இந்தியா வந்தவர் ஓஸ்டன். பிறகு பாம்பே டாக்கீஸின் மலாட் ஸ்டூடியோவில் கொடுத்த கதையை ஒழுங்காக எடுத்தார். நல்ல வேலைக்காரர், சந்தேகமில்லை. ஆனால் அங்கே ஃபிலிம் லேபில் வேலைபார்த்த அசோக் குமாருக்கு நடிப்பு சரிப்படாது, தாடை பெரிது என்று கைவிரித்தவரும் இவரே என்பார்கள். ராய் கேட்கவில்லை. உங்களுக்குக் கதாநாயகன் கிடைத்தான்.

எனக்கு நெடுநாளாக ஒரு ஆதங்கம். ஓஸ்டனோடு அதே 1925இல் வந்த ஒளிப்பதிவாளர் யோசெஃப் விர்ஷிங்கை யாரும் கேட்பதில்லை. 'அச்சூத் கன்யா'வில் அசோக் குமாரும் கதாநாயகி தேவிகா ராணியும் கிளையில் உட்கார்ந்து பாடும் காட்சியை மறுபடி போட்டு, பாட்டை அணைத்துவிட்டு, தேவிகா ராணியின் முகத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று மட்டும் பாருங்கள். அது விர்ஷிங்கின் கேமரா. 1939இல் போர் வந்ததும் ஜெர்மானியர்களான ஓஸ்டன், விர்ஷிங் இருவரையும் ஆங்கிலேயர்கள் பிடித்து வைத்தார்கள். ஓஸ்டனை விடுவித்தார்கள், ஜெர்மனிக்குப் போய்விட்டார். விர்ஷிங் போர் முடியும்வரை முகாமில் கிடந்து, அப்புறம் பம்பாய்க்கே திரும்பினார். 'மஹல்' படத்தில் இருட்டில் ஊஞ்சலாடும் மதுபாலா அவர் ஒளியில் வந்தவர். ஒளிப்பதிவு செய்துகொண்டிருந்த 'பாக்கீஸா' படம் முடிவதற்குள், 1967இல், இந்தியாவிலேயே இறந்துபோனார். இரண்டு நாட்டு வாழ்க்கை என்றால் யாருடையது, சொல்லுங்கள்?

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். 'மஹல்' பாருங்கள். அது ஓஸ்டன் படமில்லை, கமால் அம்ரோஹியுடையது. பரவாயில்லை, பாருங்கள்.