வாசகர் கேள்வி பதில்: தேய்மானம் வேறு, சேதம் வேறு

கேள்வி: ஓர் ஏலப் பட்டியலில் 1960-களைச் சேர்ந்த, சாவி கொடுத்து ஓட்டும் ஸ்விஸ் குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள) கைக்கடிகாரம் ஒன்றைப் பார்த்தேன். உலோக உறை முழுக்கக் கீறல். கறுப்பு டயல் பழுப்பேறிவிட்டது. கண்ணாடியைச் சுற்றியுள்ள பெசல் வளையத்தில் எண்கள் மங்கியிருக்கின்றன. அதே மாடலில் புதிது போலப் பளபளக்கும் இன்னொன்றுக்கு இதைவிடக் குறைந்த மதிப்பீடு போட்டிருக்கிறார்கள். தேய்ந்ததற்கு ஏன் கூடுதல் விலை? எவ்வளவு வரை கேட்கலாம் என்பதை நான் எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: உங்களுக்கு முரணாகத் தோன்றுவது இந்தச் சந்தையில் அன்றாட வழக்கம். கீறலை வாங்குபவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். கீறலைப் போக்குவதற்காகப் போட்ட பாலீஷை அவ்வளவு எளிதில் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். பாலீஷ் என்பது உலோகத்தைத் தேய்த்து எடுக்கும் வேலை. வார் மாட்டும் கொம்புகளை அருகில் வைத்துப் பாருங்கள்: மேற்பரப்பும் பக்கச்சுவரும் சந்திக்கும் விளிம்பு கத்தி முனைபோல் நிற்கிறதா, சோப்புக்கட்டிபோல் மழுங்கியிருக்கிறதா? நான்கு கொம்புகளும் ஒரே பருமனில் இருக்கின்றனவா? விளிம்பு மழுங்கிய உறை எவ்வளவு மின்னினாலும், அதன் பழைய வடிவம் போனது போனதுதான். பளபளக்கும் அந்த இன்னொன்றின் மதிப்பீடு குறைந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

விலையின் பெரும்பங்கு டயலில் இருக்கிறது. அந்தக் காலக் கறுப்பு டயல்களில் சில, வெயில் பட்டுப்பட்டுச் சீரான பழுப்பு நிறத்துக்கு மாறியிருக்கும். சேகரிப்பவர்கள் அவற்றை ‘ட்ராபிகல்’ என்று பெயரிட்டுக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஆனால் ஈரம் புகுந்து பெயின்ட் உப்பியதும், திட்டுத்திட்டாகக் கறை படிந்ததும், முள்ளின் துரு டயலில் வழிந்ததும் சேதத்தில்தான் சேரும். பட்டியல் எழுதுபவர் அவற்றையும் அதே அழகான பெயரால் அழைக்கக்கூடும் என்பதால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகே நம்புங்கள். டயலுக்கு மறுபெயின்ட் அடித்திருந்தால் விலை பாதிக்கும் கீழே இறங்குவது சாதாரணம். எழுத்துகளின் தடிமன் சீராக இல்லாததும், டயலுக்குள் இருக்கும் சிறுவட்டங்களின் கோடுகள் மையம் விலகியிருப்பதும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இருட்டில் ஒளிரும் பூச்சு இன்னொரு நல்ல சாட்சி. இந்தப் பூச்சை ஒளிரவைக்கும் கதிரியக்கப் பொருள்களில், 1960-களில் ரேடியத்தின் இடத்தை ட்ரிட்டியம் பிடித்தது; 6 மணிக் குறிக்குக் கீழே ‘ஸ்விஸ்’ என்பதை ஒட்டி ‘டி’ என்ற எழுத்து இருந்தால் அது ட்ரிட்டியத்தைக் குறிக்கும். ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) சுமார் 12.3 ஆண்டுகள், அறுபது ஆண்டுகளில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். எனவே அந்த வயதுள்ள கடிகாரம் விளக்கணைத்த பிறகும் வெகுநேரம் பிரகாசமாக ஒளிர்ந்தால், பூச்சைப் புதிதாக இட்டிருக்கிறார்கள் அல்லது முட்களை மாற்றியிருக்கிறார்கள். முள்ளின் பூச்சும் டயலின் பூச்சும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் முதிர்ந்திருக்க வேண்டும். ரேடியத்தின் அரை ஆயுளோ ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். ஒளி அணைந்துபோனாலும் கதிர்வீச்சு குறையாது என்பதால் அப்படிப்பட்ட கடிகாரத்தை வீட்டில் திறக்கவோ சுரண்டவோ கூடாது.

இயந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது பழுதானாலும் பெரும்பாலும் சரிசெய்ய முடியும். பொத்தானை அழுத்தினால் குரோனோகிராஃபின் விநாடி முள் தாவாமல் கிளம்ப வேண்டும். 60 விநாடி ஆனதும் சிறுவட்டத்தில் உள்ள அதன் நிமிட முள் ஒரு குறி நகர வேண்டும். மீட்டமைத்தால் இந்த முட்கள் எல்லாம் பூஜ்ஜியத்தில் நேராக நிற்க வேண்டும். நேரில் பார்க்க வாய்ப்பில்லையென்றால், நிலைமை அறிக்கையோடு உள் இயந்திரத்தின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். முழு சர்வீஸுக்கும் எளிதில் கிடைக்காத பாகங்களுக்கும் ஆகும் செலவை முதலிலேயே உங்கள் தொகையிலிருந்து கழித்துவிடுங்கள்.

தொகைக்கு வருவோம். சமீபத்திய ஏலங்களில் அதே ரெஃபரன்ஸ் எண்ணுள்ள (அதாவது அதே மாடல் எண்ணுள்ள), அதே அளவு தேய்ந்தவை என்ன விலைக்குப் போயின என்பதே அடிப்படை. வெளியாகும் முடிவுகளில், வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரும் கட்டணம் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். பெரிய ஏல நிறுவனங்களில் அது சுத்தியல் விலையில் (ஏலம் முடியும்போது நின்ற கேட்பு விலையில்) நாலில் ஒரு பங்கை ஒட்டி வரும். நீங்கள் மொத்தம் 125 வரை தரத் தயார் என்றால் கை தூக்குவதை 100-இல் நிறுத்த வேண்டும். வரியும் அனுப்பும் செலவும் உண்டென்றால் அதற்கும் முன்பாகவே.

கேள்வி: நடிகர் பால் நியூமன் அணிந்து தேய்ந்த ரோலெக்ஸ் டேடோனா கோடிக்கணக்கில் போயிற்றே, மற்ற டேடோனாக்களுக்கு அதை அளவுகோலாகக் கொள்ளலாமா?

பதில்: கூடாது. 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் நடத்திய ஏலத்தில் அது 1,77,52,500 டாலருக்கு விற்றது. பின்மூடியில் அவருடைய மனைவி பொறித்துக் கொடுத்த, கவனமாக வண்டி ஓட்டச் சொல்லும் வாசகமும், அது அவர் கையில் இருந்தது என்பதற்கான ஆதாரங்களும்தான் அந்த விலையை எழுப்பின. அதே 6239 ரெஃபரன்ஸில், அதே வகை டயலோடு உள்ள இன்னொரு கடிகாரத்துக்கு அந்த வரலாறு இல்லை.

பெரிய தொகை அசல்தன்மைக்கும் உத்தரவாதம் ஆகாது. 1957-இல் அறிமுகமான ஒமேகா ஸ்பீட்மாஸ்டரின் முதல் வகையைச் சேர்ந்ததாகச் சொல்லப்பட்ட ஒன்று, பழுப்பு டயலோடு, 2021 நவம்பரில் ஜெனீவாவில் 31 லட்சம் ஸ்விஸ் ஃபிராங்குக்கு மேல் விலை போனது, வாங்கியதும் ஒமேகாவேதான். பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து உருவாக்கப்பட்டது அது என்று 2023-இல் அந்நிறுவனமே அறிவித்தது. தயாரித்தவர்களையே ஏமாற்ற முடிந்தது என்றால் நாம் எம்மாத்திரம்! லான்ஜின்ஸ், படேக் ஃபிலிப் போன்ற நிறுவனங்கள் தம் பழைய பதிவேடுகளிலிருந்து சான்று தருகின்றன, ரோலெக்ஸ் தருவதில்லை. அந்தச் சான்றும் அந்த எண்ணுள்ள இயந்திரம் தொழிற்சாலையிலிருந்து எந்த ஆண்டில் வெளியேறியது என்பது போன்றவற்றைச் சொல்லுமே தவிர, இன்று அதன் மேல் இருக்கும் டயலும் முள்ளும் அதனுடன் பிறந்தவையா என்பதைச் சொல்லாது.

கேள்வி: என்னிடம் உள்ள பழைய குரோனோகிராஃபை ஏலத்துக்கு அனுப்பும் முன் பழுதுபார்த்துக் கொடுக்கலாமா?

பதில்: அப்படியே அனுப்புங்கள். ஓடாமலிருந்தால் ஏல நிறுவனத்தின் நிபுணரைக் கேட்டுவிட்டு இயந்திரத்தை மட்டும் சுத்தம் செய்யலாம். உறையில் பாலீஷ் வேண்டாம் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். முன்பு எப்போதாவது மாற்றிய முள்ளோ, பொத்தானோ, டயலோ வீட்டில் கிடந்தால் அதையும் ஒரு கவரில் போட்டுக் கடிகாரத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.