மேனேஜருக்குப் பிறந்தநாள், வசூல் நமக்கா? அலுவலகப் பரிசுகள் பற்றிக் கேள்வி பதில்

எச்.ஆர். வேலையில் பல வருஷம் குப்பை கொட்டியவள் என்பதால் இந்தக் கேள்விகள் எல்லாம் என் தலையில் விழுந்திருக்கின்றன. கேட்டவர்களின் ஊரையும் வேலையையும் மட்டும் போட்டிருக்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி (சென்னை ஓ.எம்.ஆர்., ஐ.டி.): அக்கா, எங்க மேனேஜருக்கு அடுத்த வாரம் பிறந்தநாள். தலைக்கு 500 ரூபாய் போட்டு ஸ்மார்ட் வாட்ச் வாங்கணும்னு லீட் சொல்றார். வாட்ஸ்அப்ல லிஸ்ட் ஓடுது. நான் இப்பத்தான் சேர்ந்திருக்கேன். போடலைன்னா தப்பா நினைப்பாங்களா?

பதில்: அந்த லிஸ்ட் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மேலே ஒரு கேக் படம், கீழே 1, 2, 3 என்று பெயர்கள். ஜிபேயில் பணம் அனுப்பியவர் தன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் போட்டு, லிஸ்ட்டைக் காப்பி செய்து மறுபடி குரூப்பில் ஒட்டுவார். சாயங்காலத்துக்குள் டிக் இல்லாத இரண்டு மூன்று பெயர்கள்தான் கண்ணில் குத்தும். யாரும் யாரையும் மிரட்டவில்லை. ஆனால் அந்த இரண்டு மூன்று பேருக்கு ராத்திரி சாப்பாடு இறங்காது.

நம்மூரில் இதை மொய் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். மொய் நோட்டில் ஏறும், நம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும், ஏனென்றால் அது சரிசமமானவர்களுக்குள் சுற்றுகிற பணம். மேனேஜருக்குப் போட்டது அப்படித் திரும்பாது. டீமில் பத்துப் பேர் இருந்தால் அவர் பத்து வாட்ச் வாங்கப் போவதில்லை. அப்புறம் மனசு எதிர்பார்ப்பது அப்ரைசலைத்தான். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

லீடிடம் தனியாகப் பேசுங்கள். "அண்ணா, என்னால நூறு ரூபாய் முடியும். லிஸ்ட் வேண்டாமே, ஒருத்தர்கிட்ட தனித்தனியா அனுப்பிடலாம்" என்றால் போதும். பாதிப் பேர் உள்ளுக்குள் உங்களுக்கு நன்றி சொல்வார்கள். கேக்கும், எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஒரு கார்டும் தாராளம். பணம் போடாதவர் பெயரும் கார்டில் இருக்கட்டும். மேனேஜருக்கு வாட்ச் வேண்டாம், அவரிடம் ஏற்கெனவே இருக்கும்.

கேள்வி (கோவை, பம்ப் கம்பெனி மேலாளர்): எனக்குக் கீழே வேலை பார்க்கும் இன்ஜினியர் என் பிறந்தநாளுக்கு வெள்ளிப் பிள்ளையார் கொடுத்தார். பிரித்த பிறகுதான் என்ன என்று தெரிந்தது. பிரமோஷன் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. சாமியைத் திருப்பிக் கொடுப்பதா? வீட்டில் கூடவே கூடாது என்கிறார்கள்.

பதில்: கொடுத்தவர் விவரமானவர்! வேறு எதைக் கொடுத்தாலும் திருப்பிவிடலாம், பிள்ளையாரை எப்படித் திருப்புவது? அவர் கணக்குப் போட்டுக் கொடுத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பட்டியல் கையில் இருக்கும்வரை அது உங்கள் வீட்டுப் பூஜை அறைக்குள் போகக் கூடாது.

ஷாப் ஃப்ளோரில் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கிற சாமி ஷெல்ஃப் ஒன்று இருக்குமே, அங்கே வைத்துவிடுங்கள். அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: "தம்பி, ரொம்ப சந்தோஷம். ஆனா இதை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா, நாளைக்கு உங்களுக்கு நியாயமாக் கிடைக்கிற பிரமோஷனுக்கும் நாலு பேர் கதை கட்டுவாங்க. பிள்ளையார் எல்லாருக்கும் பொதுவா ஃப்ளோர்லயே இருக்கட்டும்." நாலு பேர் முன்னால் சொல்லிவிடாதீர்கள், மனுஷன் கூசிப்போவார். அன்றைக்கே எச்.ஆருக்கு இரண்டு வரி மெயில் போட்டுவிடுங்கள். பின்னால் யாராவது கிளறினால் அந்த மெயில்தான் உங்களைக் காப்பாற்றும். சாமிக்கு மட்டும்தான் இந்த ஏற்பாடு. பேனா, பட்டுப்புடவை, தங்கக் காசு எல்லாம் நேராகத் திரும்பிப் போகலாம்.

கேள்வி (திருச்சி, மத்திய அரசு அலுவலகம், எம்.டி.எஸ். என்கிற பல்பணி ஊழியர்): ஆபீசர் பிறந்தநாளுக்கு எங்ககிட்டயும் 300 ரூபாய் கேக்கறாங்க. கொடுத்துத்தான் ஆகணுமா மேடம்?

பதில்: வேண்டாம். உங்கள் பக்கம் விதியே இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 14-வது விதி, பாராட்டு விழா, பிரிவுபசாரம் பற்றியது. ஓய்வு பெறுபவருக்கு நடத்தும் சின்ன விருந்துக்குக்கூட யாரையும் நெருக்கிப் பணம் வாங்கக் கூடாது என்றும், மேல் பிரிவு அதிகாரிக்கு நடத்தும் விருந்துக்காக சி பிரிவு ஊழியர்களிடம் எந்தச் சூழ்நிலையிலும் வசூல் கூடாது என்றும் அதன் குறிப்பு சொல்கிறது. எம்.டி.எஸ். சி பிரிவுதான். ரிடையர்மென்ட்டுக்கே இப்படி என்றால், வருஷா வருஷம் வருகிற பிறந்தநாளுக்கு எந்த நியாயம்?

வாங்குகிறவருக்கும் கட்டுப்பாடு உண்டு. 13-வது விதி பரிசு பற்றியது. உறவினர், அலுவல் தொடர்பில்லாத சொந்த நண்பர் ஆகியோர் கல்யாணம் போன்ற விசேஷங்களில் கொடுப்பதற்குத் தனி வரம்பு. மற்றபடி ஏ, பி பிரிவினர் 5,000 ரூபாய்க்கு மேலும், சி பிரிவினர் 2,000 ரூபாய்க்கு மேலும் அனுமதியில்லாமல் வாங்கக் கூடாது. ஒரு வேளைச் சாப்பாடு, வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது எல்லாம் பரிசுக் கணக்கில் வராது. மாநில அரசு ஊழியர்கள் இதை அப்படியே தங்களுக்கும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ்நாடு அரசுக்கு 1973-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் தனி.

விதி நம்பர் சொல்லிச் சண்டை போட உங்களால் முடியாது என்று எனக்கும் தெரியும். "இந்த மாசம் முடியலை சார்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். காரணம் கேட்டாலும் அதே வரிதான்.

கேள்வி (அமெரிக்கா, வர்ஜீனியா, ஃபெடரல் அரசு வேலை): இங்கே பாஸுக்குப் பிறந்தநாள் பரிசு கொடுக்கவே கூடாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஏறக்குறைய உண்மை. ஃபெடரல் நெறிமுறை விதிகளின்படி, கீழே இருப்பவர் மேலதிகாரிக்குப் பரிசு கொடுப்பது பொதுவாகத் தடை. பிறந்தநாள் மாதிரி எப்போதாவது வரும் சந்தர்ப்பத்தில் 10 டாலருக்கு மேற்படாத பொருள் கொடுக்கலாம், பணமாக மட்டும் கூடாது. ஆபீசில் பகிர்ந்து சாப்பிட ஏதாவது கொண்டுபோகலாம். எல்லோரும் சேர்ந்து பணம் போடுவது கல்யாணம், குழந்தை பிறப்பு, உடம்பு சரியில்லாமல் போவது, ஓய்வு மாதிரி அபூர்வமானவற்றுக்குத்தான். பிறந்தநாள் அதில் சேராது. மேலிருந்து கீழே கொடுக்க இந்த விதியில் தடை இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்த விதி இது. திருச்சிக்காரர் இதையும் படிக்கட்டும்.

கேள்வி (திருப்பூர், பனியன் கம்பெனி உரிமையாளர்): ஸ்டாஃப் பிறந்தநாளுக்கு ஏதாவது செய்யலாம் என்றால் ஆடிட்டர் வரி வரி என்று பயமுறுத்துகிறார்.

பதில்: பயப்பட ஒன்றும் இல்லை. பொருளாகவோ பரிசுக் கூப்பனாகவோ கொடுத்தால், 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் கணக்குப்படி வருஷத்துக்கு மொத்தம் 5,000 ரூபாய்க்குள் இருக்கும்வரை ஊழியருக்கு வரி இல்லை என்று இருந்தது. விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன, நடப்பு வரம்பை ஆடிட்டரிடமே கேளுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் அது சம்பளம்தான். ஜி.எஸ்.டி. பக்கம், ஒரு ஊழியருக்கு நிதியாண்டில் 50,000 ரூபாய் வரையிலான பரிசு வரிக்குள் வராது.

தொகையைவிட முக்கியம், எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பது. கட்டிங் மாஸ்டருக்கு மிக்ஸி, செக்கிங் பொண்ணுக்கு எவர்சில்வர் டம்ளர் என்று பிரித்தால் கொடுக்காமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும். என்னைக் கேட்டால் சம்பளத்தோடு அரை நாள் லீவு கொடுங்கள். மதியமே வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு கோயிலுக்குப் போவார்கள்.

கேள்வி (சென்னை, தனியார் மருத்துவமனை): மேலதிகாரி என் பிறந்தநாளுக்கு பெர்ஃப்யூம் கொடுத்தார். அடுத்து "சும்மாதான்" என்று ஒரு சுடிதார். வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. வாங்கிக்கொண்டது என் தப்பா?

பதில்: இல்லம்மா. முதல் தடவை யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. சுடிதாரைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுங்கள். "சார், தனிப்பட்ட பரிசு எதுவும் எனக்கு வேண்டாம்" என்று மெசேஜ் அனுப்பி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தாலோ, வேலையில் உங்களைப் பழிவாங்கினாலோ, உள்ளகப் புகார்க் குழுவிடம் போங்கள். பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டு சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருந்தே ஆக வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தொடர் சம்பவம் என்றால் கடைசியாக நடந்த நாளிலிருந்து கணக்கு.

மேனேஜர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். உடம்பில் போட்டுக்கொள்கிற எதையும் கீழே வேலை செய்பவருக்குப் பரிசாகக் கொடுக்காதீர்கள். நல்லெண்ணமாகவே இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி (பெங்களூரு, டீம் லீட்): ஒருவர் மட்டும் பிறந்தநாள் கொண்டாட்டமே வேண்டாம் என்கிறார். கூச்சம்தானே, சர்ப்ரைஸாகச் செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காரணம் மதமாக இருக்கலாம், யெகோவாவின் சாட்சிகள் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை. வீட்டில் துக்கமாக இருக்கலாம். அமெரிக்காவின் கென்டக்கியில் ஒரு ஊழியர், பதற்ற நோய் இருப்பதால் கொண்டாட வேண்டாம் என்று முன்பே சொல்லியும் ஆபீசில் விருந்து வைத்தார்கள். அவருக்கு மூச்சுமுட்டிப்போனது, அடுத்த சில நாளில் வேலையும் போனது. 2022-ல் ஜூரி அவருக்கு 4,50,000 டாலர் கொடுக்கச் சொன்னது. புதிதாகச் சேர்பவரிடம் முதல் வாரமே கேட்டுக்கொண்டால் இந்தப் பாடு இல்லை.

கேள்வி (மதுரை, வங்கி): சிஸ்டத்தில் இருக்கிற தேதியில் எனக்கு வாழ்த்து வருகிறது. அது ஸ்கூலில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. என்ன செய்வது?

பதில்: ரெண்டு தடவை கேக் சாப்பிடுங்கள். மேலதிகாரி யாருக்காவது சர்டிபிகேட் தேதி ஜூன் 1 என்று இருந்தால், வாழ்த்துவதற்கு முன் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்வது நல்லது.

கேள்வி (சென்னை, கிளை மேலாளர்): எனக்குப் பரிசு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்க மாட்டேன் என்கிறார்கள்.

பதில்: முந்திக்கொள்ளுங்கள். நம் பள்ளிக்கூடத்தில் பிறந்தநாள்காரப் பிள்ளைதானே புதுச்சட்டை போட்டுக்கொண்டு வகுப்பு முழுக்க மிட்டாய் கொடுத்தது? அதே வழக்கம்தான். காலையிலேயே ஒரு பெட்டி பால்கோவாவோ சமோசாவோ வாங்கிப்போய் நீங்களே ஒவ்வொரு மேஜையாகக் கொடுங்கள். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஆட்களிடமிருந்து ஆரம்பியுங்கள். சாயங்காலம் வசூல் தொடங்க ஆள் இருக்காது. முந்தின நாளே குரூப்பில் "நாளைக்கு ட்ரீட் என்னுது, யாரும் எதுவும் வாங்கக் கூடாது" என்று போட்டுவிட்டால் இன்னும் சுலபம்.

கேள்வி (ஓசூர்): கேக்கை முகத்தில் பூசுவது பற்றி?

பதில்: மேனேஜர் முகத்தில் பூசத் தைரியம் இல்லாதவர்கள் டிரெய்னி முகத்தில் மட்டும் பூசுவதைப் பார்த்திருக்கிறேன். யார் முகத்திலும் வேண்டாம்.